கடைசித் துடைப்பு

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. சோழவந்தானிலிருந்து ஒரு கறுப்பு பியட் மதுரை பைபாஸிலுள்ள எங்கள் கார் பாலிஷ் கடைக்கு வந்தது. மிகப் பழைய கார். அதன் சொந்தக்காரர் பல வருடங்களாக ஒவ்வொரு பாகமாகத் தேடிச் சேர்த்து, திரும்பக் கட்டி, பெயிண்ட் அடித்து முடித்திருந்தார். தேய்த்துப் பளபளப்பு ஏற்றுவது மட்டும் எங்கள் வேலை.
2. நானும் அந்தோணி அண்ணனும் தேய்க்கத் தொடங்கினோம்.
3. எங்கள் முதலாளி வீடியோவுக்காகத் தேய்க்கும் மிஷினைக் கையில் எடுத்தார். முன்பக்க இடது மட்கார்டின் ஓரத்தில் பெயிண்ட் போய்விட்டது.
4. பழி அந்தோணி அண்ணன் மேல் விழுந்தது. வேலையும் போனது.
5. நான் கார் முழுக்க வேக்ஸ் போட்டேன், பானட்டைத் தவிர. மறதி இல்லை.
6. கார் போகவேண்டிய நாளில், சொந்தக்காரர் முன்னால், முதலாளி துணியைக் கையில் எடுத்தார்.

இதை யாரிடம் சொன்னாலும் ஐந்தாவதுக்கு வந்ததும் முகம் மாறிவிடும். "ஏன்மா, வேற வழியே இல்லையா?" என்பார்கள். வழி இருந்திருக்கலாம். ஆனால் எங்கள் முதலாளியைத் தெரியாதவர்களுக்கு அந்த ஐந்தாவது புரியாது. அதனால் அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

பெயரை எழுதப்போவதில்லை. மதுரையில் அவர் பெயர் ஒட்டாத பின்கண்ணாடி குறைவு. தண்ணீர் ஊற்றிக் கழுவி மட்டும் அனுப்பிய வண்டிக்கும் தங்க எழுத்தில் ஒரு ஸ்டிக்கர் உண்டு. இந்த ஒரு இடத்திலாவது அது இல்லாமல் இருக்கட்டும்.

வயது ஐம்பதை ஒட்டி. ஒல்லியான உடம்பு, நல்ல உயரம், எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. தினமும் இஸ்திரி போட்ட வெள்ளை முழுக்கைச் சட்டை. கார் பாலிஷ் போடும் இடத்தில் காலையில் வெள்ளைச் சட்டையோடு வந்து, மாலையில் அதே வெள்ளையோடு வீட்டுக்குப் போகிற ஒரே ஆள் அவர்தான். அதைப் பார்த்த முதல் நாளே எனக்கு விஷயம் புரிந்திருக்க வேண்டும்.

வாடிக்கையாளர் வந்து இறங்கும் சத்தம் கேட்டால், கண்ணாடி அறையிலிருந்து வெளியே வருவார். நடந்துகொண்டே முதுகுக்குப் பின்னால் வலது கையை நீட்டி விரல்களை மடக்கிக் காட்டுவார். திரும்பிப் பார்க்க மாட்டார். அந்தக் கையில் யாராவது ஒரு துணியை வைக்க வேண்டும். புதுத் துணி, வெள்ளைத் துணி. இடது கையில் அவருக்கென்றே வைத்திருக்கும் ஸ்ப்ரே பாட்டில். பானட்டின் மேல் பீய்ச்சுவார். சட்டை படாமல் குனிந்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நீளமாக ஓர் இழுப்பு, திரும்ப ஓர் இழுப்பு. பிறகு நிமிர்ந்து, இடுப்பில் கையை வைத்து, பெரிதாக ஒரு மூச்சு விடுவார்.

எனக்கு அந்த மூச்சைத்தான் தாங்க முடியாது. ஒரு வாரம் தோள் வலிக்கத் தேய்த்தவன் விடவேண்டிய மூச்சு அது.

"ஒரு வழியா முடிஞ்சிருச்சு சார். நமக்கு நாமளே கை வச்சாத்தான் திருப்தி."

வாடிக்கையாளர் அவர் கையைப் பிடித்துக் குலுக்குவார். அந்தக் கையில் காய்ப்பு கிடையாது. அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

எங்களுக்குள் அதற்குக் கடைசித் துடைப்பு என்று பெயர். அதை வைத்தது அந்தோணி அண்ணன். அவருக்குக் கோபமே வராது, வாய் மட்டும் உண்டு. "கல்யாண வீட்டுல பந்தி முடியுறப்ப பாயாச வாளியத் தூக்கிக்கிட்டு வருவாகள்ல ஒரு ஆளு, நம்ம அண்ணன் அந்த வகை. சமைச்சவன் அடுப்படியில கெடப்பான். இவரு 'இன்னும் கொஞ்சம் ஊத்தவா'ம்பாரு" என்பார். சொல்லிவிட்டு மிஷினை ஓடவிடுவார். அந்தச் சத்தத்தில் சிரித்தால் வெளியே கேட்காது.

நான் ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்து வந்திருந்தேன். பெயிண்டின் தடிமன் அளக்கத் தெரியும், மிஷினில் மாட்டும் எந்த பேடுக்கு எந்தப் பாலிஷ் காம்பவுண்ட் என்று தெரியும், எந்தச் சூட்டில் பெயிண்ட் இளகும் என்று தெரியும். முதலாளிதான் என்னை வேலைக்கு எடுத்தார். இதை மறைக்கக் கூடாது. நான் ஏறி இறங்கிய வேறு எந்தக் கடையும் ஒரு பெண்ணைத் தேய்க்கும் வேலைக்கு வைத்துக்கொள்ளத் தயாராக இல்லை. அவர் என் சான்றிதழைப் பார்த்துவிட்டு, "நாளைக்கே வந்துரு பாப்பா" என்றார். சம்பளம் தள்ளிப் போனதில்லை. வெயில் நாட்களில் எல்லோருக்கும் ஜிகர்தண்டா வரும். திட்டும்போதுகூட குரல் உயராது.

ஆனால் வாடிக்கையாளர் வந்தால் எனக்கு ஒரே உத்தரவு: "உள்ள போயிருமா."

முதல் தடவை காரணம் கேட்டேன்.

"பொம்பளப் புள்ளய வச்சு வேல வாங்குறான்னு பேசுவாக. உனக்கு ஒண்ணுமில்ல, எனக்குத்தான் கேவலம்."

உள்ளே என்றால் காம்பவுண்ட் டப்பாக்கள் அடுக்கியிருக்கும் சின்ன அறை. அதன் கதவில் காற்றுக்காக வைத்த பலகை இடுக்குகள் வழியாக, நான் தேய்த்த கார்களின் மேல் அவர் இழுக்கும் இரண்டு இழுப்பையும் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். வாடிக்கையாளர் இல்லாதபோது அவரை அண்ணே என்று கூப்பிடலாம். இருக்கும்போது சார். என்னை அவர் பாப்பா என்பார். நான் ஏதாவது சரியாகச் சொல்லிவிட்டால் மட்டும், இன்ஜினியரம்மா.

ஒரு பொங்கலுக்கு எங்கள் எல்லோரையும் வீட்டுக்குக் கூப்பிட்டார். அவர் மனைவி, எங்களுக்கு மதினி, விடியற்காலையிலிருந்து நின்று பிரியாணி செய்திருந்தார்கள். இலை போட்டு நாங்கள் உட்கார்ந்ததும் அவர் அடுக்களைக்குள் போனார். சட்டியின் மேல் கொத்தமல்லித் தழையைத் தூவிக்கொண்டே அதைத் தூக்கி வந்தார்.

"உப்பு சரியா இருக்கானு சொல்லுங்க. பாத்துப் பாத்துப் போட்டது."

மதினி வாசற்படியில் நின்று முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களைப் பார்த்தேன்.

"கல்யாணம் ஆனதுலருந்து கொத்தமல்லி தூவுறது மட்டும் அவுகதான்" என்றார்கள், எனக்கு மட்டும் கேட்கும்படி. "அவுக சொந்தத்துல கேட்டுப் பாரு, எனக்குச் சமைக்கக் கத்துக்குடுத்ததே அவுகதான்னு சொல்லுவாக."

இன்னொரு தடவை நான் காளவாசல் பக்கம் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டேன். சேதி தெரிந்ததும் அவரே காரை எடுத்துக்கொண்டு வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். நர்ஸ் காயத்தைக் கழுவி, மருந்து வைத்து, பஞ்சு வைத்து, கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். அப்போது என் அம்மா பதறி உள்ளே வந்தார். அம்மாவைப் பார்த்த அடுத்த நொடி முதலாளி நர்ஸின் கையிலிருந்த பிளாஸ்திரியை வாங்கி, கடைசித் துண்டை அவரே ஒட்டினார்.

"ஒண்ணும் பயப்படாதீங்கம்மா. நான் பாத்துட்டேன்."

அம்மா இன்றுவரை, கட்டுப் போட்டதே அவர்தான் என்று நம்புகிறார். நான் திருத்தவில்லை. அன்றைக்கு எனக்கே சிரிப்புத்தான் வந்தது. சிரித்துக்கொண்டு கடந்துபோகிற குணம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன், பியட் வரும் வரைக்கும்.

காரைக் கொண்டுவந்து விட்ட அன்று அதன் சொந்தக்காரர் எங்களிடம் பேசினார். நாங்கள் எல்லோரும் அவரைச் சோழவந்தான்காரர் என்றுதான் சொல்வோம். வெற்றிலைக் கொடிக்கால் உள்ளவர். வேட்டி, கட்டம் போட்ட சட்டை, அதிகம் பேசாத வாய். வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் இதுபோல இன்னும் சில பழைய கார்களை வைத்திருக்கிறார். இந்த வேலை பிடித்திருந்தால் அத்தனை கார்களையும் ஒரே கையில் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்.

"இது பழைய முறை பெயிண்டு. மேல கிளியர் கோட் கெடையாது. அதத் தெரிஞ்சுக்கிட்டுத் தேய்ங்கப்பா" என்றார்.

இப்போதைய கார்களில் நிறத்துக்கு மேல் கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு உண்டு. நாம் தேய்ப்பது அதைத்தான். அதனால் துணியில் நிறம் வராது. பழைய முறையில் மேலே எதுவும் இல்லை. நாம் தேய்ப்பது நிறத்தையே. கறுப்புக் காரைத் தேய்த்தால் பேட் கறுப்பாகும், துணி கறுப்பாகும், கழுவும் தொட்டியில் தண்ணீர் மை மாதிரி ஆகும். வேக்ஸ் போட்டு மூடிய பிறகுதான் அது நிற்கும். அந்த வேலை செய்கிற எவருக்கும் முதல் கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும் விஷயம்.

சோழவந்தான்காரர் அதைச் சொன்னபோது எங்கள் முதலாளி சற்றுத் தள்ளி நின்று, கார் எந்தப் பக்கத்திலிருந்து போட்டோவுக்கு எடுப்பாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் நானும் சொல்லிப் பார்த்தேன்.

"அண்ணே, இதுல கிளியர் கோட் இல்ல. தேய்க்கிறப்ப..."

"இன்ஜினியரம்மா, கிளாஸ் எடுக்காதீக. கண்ணாடி கணக்கா மின்னணும், அம்புட்டுத்தான்."

நாங்கள் தேய்த்தோம். அந்தோணி அண்ணன் மிஷினை அந்தக் காரின் மேல் நகர்த்தியதைப் பார்க்க வேண்டும். அழுத்தமே இருக்காது. வளைவு வரும் இடங்களில் மிஷினை நிறுத்திவிட்டுக் கையால் தேய்ப்பார். ஓரங்களில் எல்லாம் டேப் ஒட்டிவிடுவார். ஓரத்தில் பெயிண்ட் மெல்லிசாக இருக்கும், மிஷின் ஒரு நொடி நின்றால்கூடப் போய்விடும். தொட்டியில் கறுப்புப் பேடுகளை நான் கழுவிக் காயப்போடுவேன். முதலாளி தொட்டிப் பக்கம் வருவதில்லை. சட்டையில் தெறிக்கும்.

பாதிக்கு மேல் முடிந்திருந்த சமயத்தில் அவர் வீடியோக்காரரைக் கூட்டி வந்தார். காரை அவரே தேய்ப்பது மாதிரி ஒரு வீடியோ வேண்டும். மட்கார்டு ஓரத்தில் ஒட்டியிருந்த டேப்பைப் பார்த்தார்.

"என்னடா இது, அடிபட்டுக் கட்டுப் போட்ட மாதிரி இருக்கு. கேமராவுல அசிங்கமாத் தெரியும்."

அவரே உரித்துப் போட்டார்.

"அண்ணே, ஓரத்துல மிஷின் நிக்கக் கூடாதுண்ணே" என்றார் அந்தோணி அண்ணன்.

"நான் தொழிலுக்கு வந்தப்ப நீ டவுசரு. அங்கிட்டு நில்லு, நிழலு விழுது."

மிஷினை வாங்கினார். வீடியோக்காரர் இன்னொரு தடவை என்றார். பிறகு கொஞ்சம் முகத்தைத் திருப்பி, கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி இன்னொரு தடவை. முகத்தைத் திருப்பிய நேரத்தில் மிஷின் ஓரத்திலேயே நின்றது. கருகிய வாடை எனக்குத்தான் முதலில் வந்தது. அவர் மிஷினை எடுத்தபோது கறுப்புக்கு நடுவே விரல் நீளத்துக்குச் செங்கல் நிறத்தில் அடிப்பூச்சு, பிரைமர், தெரிந்தது.

அவர் அதைப் பார்த்தார். பிறகு மிஷினைப் பார்த்தார். பிறகு அந்தோணி அண்ணனிடம் அதைக் கொடுத்துவிட்டு, சாதாரணக் குரலில் கேட்டார்:

"ஏன்டா இப்படிப் பண்ணி வச்சிருக்க?"

அந்தோணி அண்ணன் மிஷினை வாங்கிக்கொண்டார். யார் எதை நீட்டினாலும் வாங்கிப் பழகிய கை. வாங்கிய பிறகுதான் கேட்டது என்ன என்று அவருக்கு உறைத்தது.

முதலாளி வீடியோவை அங்கேயே அழிக்கச் சொன்னார். அழிக்கப்பட்டது. பிறகு எங்கள் முன்னாலேயே சோழவந்தானுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் பேசினார்.

"சார், ஒரு சின்னத் தப்பு. நம்ம பையன் ஒருத்தன் கவனமில்லாம ஓரத்துல வச்சு எடுத்துட்டான். நானே பக்கத்துல நின்னு பெயிண்டரை வச்சுச் சரி பண்ணிர்றேன். அவன அனுப்பிட்டேன் சார்."

"கை தப்புறது எல்லாருக்கும் உள்ளதுதான்" என்றது அந்தப் பக்கத்துக் குரல். "அதுக்காக அனுப்பணுமா?"

"தொழில் சுத்தம் சார் நமக்கு."

அந்தோணி அண்ணன் பக்கத்தில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் அனுப்பப்பட்டது அவருக்கே அப்படித்தான் தெரிந்தது. நான் "அண்ணே, மிஷினப் பிடிச்சது நீங்கதானண்ணே" என்றேன். முதலாளி என்னைப் பார்த்து, கோபமே இல்லாமல், "உள்ள போயிருமா" என்றார். அங்கே வாடிக்கையாளர் யாரும் இல்லை.

அதோடு விட்டிருந்தால்கூட நான் வேறு மாதிரி நடந்திருப்பேன் என்று நினைக்கிறேன். அன்று மாலை, ஊரிலுள்ள கார் பாலிஷ் கடைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் முதலாளி அந்தோணி அண்ணனின் போட்டோவைப் போட்டார். பழைய காரின் பெயிண்டைக் கெடுத்த ஆள், பார்த்து நடந்துகொள்ளுங்கள் என்று கீழே ஒரு வரி. வில்லாபுரம், அண்ணா நகர், ஒத்தக்கடை என்று அந்தோணி அண்ணன் கேட்டுப் போன இடமெல்லாம் அவருக்கு முன்னால் அந்த போட்டோ போயிருந்தது. "யோசிச்சுச் சொல்றோம்ணே" என்று அனுப்பிவிட்டார்கள். அவர் யாரோ ஒருவரின் ஷேர் ஆட்டோவை வாடகைக்கு வாங்கி ஓட்டத் தொடங்கினார். எனக்குப் போன் செய்தால் அதைப் பற்றிப் பேச மாட்டார்.

"டிக்கிப் பக்கம் கைவேலையே பாரு பாப்பா. மிஷின வைக்காத. பேடக் கழுவிக் காயப்போட்டியா?"

நான் யோசித்தேன். என் வழக்கப்படி ஒன்று, இரண்டு என்று. சோழவந்தான்காரரிடம் நேரே சொல்லலாம். ஆனால் அது என் வார்த்தைக்கு எதிராக முதலாளி வார்த்தை, வார்த்தையில் அவரை ஜெயித்தவர் யாரும் இல்லை. வேலையை விட்டு நிற்கலாம். அதனால் அந்தோணி அண்ணனுக்கு என்ன வரும்? எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். அந்த ஓரத்தில் நின்றது அந்தோணி அண்ணன் கை இல்லை என்று அந்தக் காரின் சொந்தக்காரர் தன் கண்ணால் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் சொன்னால்தான் ஊர் நம்பும். அதற்கு, காரைத் தானே நின்று தேய்ப்பதாகப் போனில் சொல்லிவரும் முதலாளியின் வார்த்தை முதலில் பொய் என்று தெரிய வேண்டும்.

இதற்கு இன்னும் நாகரிகமான வழி இருந்திருக்கலாம். நான் தேடவில்லை. முதலாளி தன் கையாலேயே, தன் வெள்ளைத் துணியாலேயே மாட்ட வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது.

பெயிண்டர் வந்து மட்கார்டு ஓரத்தைச் சரிசெய்தார். மீதியை நான் தனியாகத் தேய்த்து முடித்தேன். பிறகு வேக்ஸ். கூரை, கதவுகள், மட்கார்டுகள், டிக்கி. பானட்டை அப்படியே விட்டேன். வேக்ஸ் இல்லாவிட்டாலும் அது மற்ற இடங்களைப் போலவே மின்னியது. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. அவருடைய ஸ்ப்ரேயில் லேசாகத் தேய்க்கும் மருந்து கலந்திருக்கும். கிளியர் கோட் போட்ட காரில் அது நிறத்தை எடுக்காது. இந்த பானட்டில் எடுக்கும்.

காரை ஓட்டிப் போவதற்காகச் சோழவந்தான்காரர் பஸ்ஸில் வந்து இறங்கினார். முதலாளி கண்ணாடி அறையிலிருந்து வந்தார். "உள்ள போயிருமா" என்றார். கை முதுகுக்குப் பின்னால் நீண்டது. அன்று அதில் துணியை வைத்துவிட்டு உள்ளே போனது நான்தான். இருந்த துணிகளிலேயே மிக வெள்ளையானதாகப் பார்த்து எடுத்திருந்தேன்.

பலகை இடுக்கு வழியாகப் பார்த்தேன். பீய்ச்சினார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இழுத்தார். திரும்ப இழுத்தார். நிமிர்ந்து மூச்சு விட்டார். அப்போதுதான் துணி கண்ணில் பட்டது.

மடித்து, சுத்தமான பக்கத்தால் இன்னொரு தடவை துடைத்தார். அதுவும் கறுப்பு. இன்னும் கொஞ்சம் அழுத்தினார். அழுத்த அழுத்த அதிகமாக வந்தது.

"ரோட்டுத் தூசி சார். பைபாஸ்ல கொஞ்சமா பறக்குது?"

சோழவந்தான்காரர் அந்தத் துணியைப் பார்த்தார்.

"ஏம்மா, இங்கிட்டு வா."

வாடிக்கையாளர் முன்னால் அவர் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. வெளியே வந்தேன்.

"பாலிஷத் தொடச்சு எடுக்க மாட்டியா நீ? இம்புட்டு அழுக்கு வருது."

"அது அழுக்கு இல்ல சார்."

"பெறகு என்னது?"

"நீங்கதான சார் தேய்ச்சீங்க. உங்களுக்குத் தெரியும்ல."

அவர் என்னைப் பார்த்த பார்வையில், அன்றைக்கு ஏதோ சரியாக இல்லை என்று அவருக்கு உறைத்துவிட்டது தெரிந்தது. நெற்றி வேர்த்திருந்தது. கையிலிருந்த துணியால் துடைத்துக்கொண்டார். புருவத்துக்கு மேல் பட்டையாக ஒரு கறுப்பு விழுந்தது. நான் சொல்லவில்லை. சோழவந்தான்காரரும் சொல்லவில்லை.

"சார், நான் ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்கிறாதீக" என்று முதலாளி அவர் பக்கம் திரும்பினார். "உங்க பெயிண்டரு உங்கள ஏமாத்திட்டான். சரக்கு சரியில்ல. கலரு கழண்டு வருது பாருங்க."

"பெயிண்டு அடிச்சது நான்தான்" என்றார் சோழவந்தான்காரர். "என் கொட்டகையில, என் கையால."

முதலாளி சிரிக்கப் பார்த்தார்.

"கிளியர் கோட் இல்லாத பெயிண்டு. தேய்ச்சா துணியில கறுப்பு ஏறத்தான் செய்யும். முத நாளே சொன்னேன். போன்ல பேசுறப்பல்லாம் நீங்களே நின்னு தேய்க்கிறதாச் சொன்னீக. துணி கறுப்பாகுறத இன்னைக்குத்தான் பாக்குறீகளா?"

பைபாஸில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. சோழவந்தான்காரர் நடந்துபோய் இடது மட்கார்டின் ஓரத்தில் கட்டைவிரலை வைத்துத் தடவினார். பெயிண்டர் நன்றாகத்தான் செய்திருந்தார். ஆனால் அந்தக் காரை வருடக்கணக்காகத் தடவிய விரல் அது.

"இத எடுத்தது யாரு?"

"அதான் சார், அந்த அந்தோணின்னு ஒருத்தன்..."

"நீ சொல்லுமா."

"ஓரத்துல டேப் இருந்துச்சுங்க ஐயா. அத உரிச்சது எங்க சார். மிஷினப் பிடிச்சதும் எங்க சார். அந்தோணி அண்ணன் வேண்டாம்னு சொன்னாரு. வீடியோ எடுத்தவரு பக்கத்துலதான் நின்னாரு. அவரு நம்பர் என்கிட்ட இருக்கு, கேட்டுப் பாருங்க."

முதலாளி அந்தக் கறுப்புத் துணியை மடித்து, இன்னும் சின்னதாக மடித்து, உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டார். அந்த நிமிடத்துக்காகத்தான் நான் எல்லாவற்றையும் செய்திருந்தேன். முழுதாக நின்று பார்த்தேன். சுகமாக இருந்தது. இதை வேறு சொல்லால் எழுத முடியாது.

ஆனால் சோழவந்தான்காரர் முடிக்கவில்லை. என்னிடம் ஒரு புதுத் துணியும் அந்த ஸ்ப்ரேயும் கேட்டு வாங்கினார். கதவில் துடைத்தார். துணி வெள்ளை. கூரையில் துடைத்தார். வெள்ளை. டிக்கியிலும். பிறகு திரும்பி வந்து பானட்டின் முன்னால் நின்றார்.

"எல்லாத்துலயும் வேக்ஸ் இருக்கு. இதுல மட்டும் இல்ல. மறந்துட்டியாமா?"

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். அவர் அதற்கு இடம் விட்டுத்தான் கேட்டார்.

"இல்லைங்க ஐயா. வேணும்னுதான் விட்டேன்."

அவர் என்னையும் முதலாளியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உங்க சண்டைக்கு என் காருதான் கெடச்சுச்சா?"

அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "போடு, இருக்கேன்" என்றார். அவர் முன்னாலேயே பானட்டைத் துடைத்து வேக்ஸ் போட்டு, காயவிட்டு, எடுத்தேன். முதலாளி நெற்றியில் கறுப்புப் பட்டையோடு தூணோரம் நின்றார். துணிக்காக அவர் கை நீளவில்லை.

கிளம்பும்போது சோழவந்தான்காரர் அந்தோணி அண்ணன் நம்பரை என்னிடம் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு சொன்னார்:

"வேல உனக்கு நல்லா வருது. அது வேற. ஆனா என் வண்டிய இனி உன்கிட்ட விட மாட்டேன்மா."

"சரிங்க ஐயா" என்றேன்.

கார் போன பிறகு முதலாளி கண்ணாடி அறைக்குள் போனார். கண்ணாடியில் முகத்தைப் பார்த்திருப்பார் போல, குழாயடிக்குப் போய் ரொம்ப நேரம் கழுவினார். ஈரமுகத்தோடு வந்து, "நாளைக்கு வராத பாப்பா" என்றார். அப்போதும் குரல் உயரவில்லை.

"வாரதா இல்லண்ணே."

சாயங்காலம் அந்தோணி அண்ணனுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அதிகம் கேட்டது ஒன்றைப் பற்றித்தான். "வேக்ஸ் போடாத பானட்டோட கார வெளிய நிப்பாட்டுனியா? வெயில்லயா? கொஞ்சமாவது அறிவு வேண்டாமா பாப்பா?" என்று திட்டினார். நன்றி சொல்லவில்லை. நானும் அதற்காகச் செய்யவில்லை.

இப்போது நிலைமை இதுதான். சோழவந்தான் கொட்டகையிலுள்ள கார்கள் எல்லாம் அந்தோணி அண்ணன் பொறுப்பில் இருக்கின்றன. ஷேர் ஆட்டோவை விட்டுவிட்டார். சோழவந்தான்காரர் நாலு பேரிடம் சொன்னதில், மதுரைக் கடைகளே இப்போது பழைய கார் வந்தால் அந்தோணி அண்ணனைத்தான் கூப்பிடுகின்றன. நான் கப்பலூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பெயிண்ட் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். நல்ல வேலைதான், ஆனால் அங்கே பழைய கார் வராது. முதலாளியின் கடை பைபாஸில் நடக்கிறது, கூட்டத்துக்கும் குறைவில்லை. நான் அவரை மன்னிக்கவில்லை. சோழவந்தான்காரர் என்னை மன்னிக்கவில்லை. கொட்டகைக்குள் என்னைக் கூட்டிப்போக அந்தோணி அண்ணன் போன மாதம் ஒரு தடவை அவரிடம் கேட்டுப் பார்த்திருக்கிறார். வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.